வந்த வழி

முள்ளியவளையில், மாசி மாதம், விளக்கு வைத்த நேரம்,
நெல்வரிக் குத்தகை அந்திராசு முதலி
கஞ்சிக் கோப்பையோடு முன்னால் சரிந்தார்.
குண்டு ஒன்று.
கடையில் வாங்கியதல்ல, வலையில் கட்டும் ஈயமணியை
உருக்கி ஊற்றியது என்று
டொக்டர் துரை எழுதிவைத்திருக்கிறார்.

சுட்டவன் கோணாமலை. அதில் யாருக்கும் சந்தேகமில்லை.
எந்தப் பக்கம் போனான் என்பதுதான்
நூற்றைம்பது வருசமாக
ஒரு கட்டுக் கடதாசிக்குள் கிடக்கிறது.

ஒட்டுசுட்டான் வண்டிக்காரன் கண்டானாம்:
நல்ல நிலவு, தோளில் துவக்கு, மேற்கே.
நெடுங்கேணி விதானையார் கண்டாராம்:
அதே இரவு, அதே நிலவு, தெற்கே.
தண்ணிமுறிப்புக் குளக்கட்டில் காவலிருந்தவன்
அவன் தண்ணீர் குடித்ததைச் சொல்கிறான்,
எத்தனை மிடறு என்பதையும்.

பழைய பஞ்சாங்கம் தேடி எடுத்தேன்.
அமாவாசைக்கு மறுநாள்.
அன்றிரவு வன்னியில் நிலவே இல்லை.

ஆறு வருசம் கண்ணிவெடி எடுத்தவள் நான்.
ஒரு மீற்றர் அகலம், முழங்காலில், வெயிலில்,
புல் கொஞ்சம் நிறம் மாறினாலும் கை நிற்கும்.
கடதாசியை வைத்துவிட்டு நடந்து பார்த்தேன்.
முள்ளியவளையிலிருந்து நெடுங்கேணிக்கு
பகலில், தார் றோட்டால், இரண்டு போத்தல் தண்ணீரோடு
ஏழரை மணித்தியாலம்.
அவனுக்கு இருட்டு. மாசியில் தாழ்வெல்லாம் வெள்ளம் நிற்கும்.
பாலையும் வீரையும் முகத்தில் இடிக்கும்.
குளத்தடியில் யானை.
விடியுமுன் அங்கே போயிருந்தால்
அவன் பறந்துதான் போயிருக்கவேண்டும்.

பிறகு நாயாற்று உப்புக்காவல் புத்தகம்.
கரையான் தின்றது போக மிஞ்சியது:
கொலைக்கு முதல்நாள் கரையில் எட்டு வள்ளம்.
மூன்றாம் நாள் ஏழு.
பத்தாம் நாள் மறுபடியும் எட்டு.
கணக்கெழுதியவன் காரணம் எழுதவில்லை.

நாயாற்றுக்குப் போகிறவன்
குமுழமுனையைத் தொடாமல் போகமுடியாது.
நாற்பத்தொரு சாட்சி.
குமுழமுனையிலிருந்து ஒருவரும் இல்லை.

போனேன். உழவு மெசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவரிடம்
கோணாமலை என்றொருவர், வெள்ளைக்காரன் காலத்தில், என்று தொடங்கினேன்.
கேள்விப்படவேயில்லைப் பிள்ளை என்றார்.
எண்ணெய்க் கானை மூடினார், கையைத் துடைத்தார்,
நான் கேளாமலே சொன்னார்:
அவன் மேற்காலதான் போனவன்.

திரும்பி வரும் பஸ்ஸில் சிரிப்பு வந்தது.
பிறகு வரவில்லை.

செட்டிகுளத்தில், தகரக் கொட்டிலுக்குள்,
ஒரு மேசை, ஒரு நீலப் பேனை.
எந்தெந்த ஊருக்குள்ளால் வந்தாய் என்று கேட்டார்கள்.
விசுவமடு சொன்னேன். உடையார்கட்டு சொன்னேன்.
தேவிபுரத்தில் ஒன்பது நாள், பொக்கணையில் பதினாலு.
ஓர் ஊரை விட்டேன்.
அங்கே தன் பங்கருக்குள் எங்களுக்கு இடம் பிரித்தவள்
அப்போது உயிரோடிருந்தாள்.
அந்த ஒன்பது நாளில் நாலு நாள் அவளுடையது.
எழுதியவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.
கூட்டல் சரியாக இருந்தது அவனுக்கு.

அந்தத் தாளும் எங்கோ ஒரு கட்டுக்குள் இருக்கும்.
யாராவது அதை வைத்து என்னை வரைந்தால்
ஓரிடத்தில் நானும் பறந்திருப்பேன்.

கொழும்பிலிருந்து நாட்சம்பளம் தரும் பேராசிரியர்
நேற்றும் எடுத்தார்: கடைசிப் படம் எப்போது?

பென்சிலைச் சீவினேன்.
ஈயமணியையும் எட்டாவது வள்ளத்தையும்
என் கொப்பியிலேயே விட்டேன்.
முள்ளியவளையில் புள்ளி வைத்து
ஒட்டுசுட்டானுக்குக் கோடு இழுத்தேன்,
அங்கிருந்து நெடுங்கேணிக்கு,
அதற்கப்பால் காடு என்பதால் புள்ளிக் கோடு.
குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
அன்றிரவு நல்ல நிலவு.